ஆலயச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: செப்டம்பர் முதல் மே வரை

நேற்று இரவு இரண்டாவது கோடை மழையும் கொட்டித் தீர்த்துவிட்டது. விடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஆலயத்தின் வடக்குச் சுவரை அடியிலிருந்து ஐந்தடி உயரம்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்திலும் பொக்கைச் சத்தம் கேட்கவில்லை. உப்பு பூக்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி இருந்தது, ஈரம் இல்லை. இந்த மழைக்காகத்தான் எழுதாமல் காத்திருந்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் நாசரேத் பக்கத்துக்காரர்கள். மிஷனரிப் பணிக்காக 2024 ஜூனில் இங்கே வந்தோம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில் உள்ளே பிரிகிற ஒரு சிற்றூர், முப்பத்தெட்டுக் குடும்பம் உள்ள சபை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பஸ் பயணம்தான், ஆனாலும் பேச்சு வேறு, மண் வேறு, மரியாதைச் சொல்கூட வேறு. ஆலயத்துக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, முதல் வாரமே எங்களைக் கூப்பிட்டு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்காரவைத்து, “எங்க அப்பச்சியும் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனவுகதான், ஊரை விட்டு வந்தவுக கஷ்டம் எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி ஒரு தூக்குச் சட்டியில் சாம்பாரும் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டுச் சுவரை அன்று தொட்டுப் பார்த்தேன். பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதன் அருமை எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆலயம் உள்ளளவு 36 அடிக்கு 18 அடி. சுவர் ஒன்றரை அடி கனம், பழைய சன்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. நாங்கள் வந்தபோது ஓட்டில் அறுபது இடத்தில் உடைசல். ஜூலையில் ஒரு பழைய வீட்டை இடித்தவர்களிடமிருந்து ஓடு வாங்கி மாற்றினோம், அது ஒழுங்காக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மின்விசிறிக்குக் கெபாசிட்டர் மாற்றியதும், கரகரத்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயருக்கு வயரை மறுபடி பற்றவைத்ததும் என் வீட்டுக்காரர் ஒரே மாலையில் முடித்த வேலைகள். தொல்லை கொடுத்தது சுவர்தான். தரையிலிருந்து நான்கடி உயரம்வரை பழைய பூச்சு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வரும் பாட்டிகள்கூடச் சுவரோரம் உட்காரமாட்டார்கள், முதுகெல்லாம் பொடியாகிவிடும்.

செப்டம்பரில் நாங்கள் செய்தது பெரிய தவறு. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அக்கம்பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரைப் பிடித்து, உதிர்ந்ததையெல்லாம் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினோம். ஆறு நாள் வேலை. சிமெண்ட் 9 மூட்டை. மேலே பிரைமர், அதற்கு மேல் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கை. மொத்தம் 21,400 ரூபாய் ஆனது. சபையில் எல்லோருக்கும் சந்தோஷம், புது ஆலயம் மாதிரி இருந்தது. அந்தக் கொத்தனார் மேல் குறை சொல்லமாட்டேன், சிமெண்ட் பூசச் சொன்னது நாங்கள்தான்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. நவம்பர் நடுவில் சுவரில் ஐந்தடி உயரத்தில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பியது. கவனியுங்கள், முன்பு நான்கடியில் இருந்த ஈரம் இப்போது ஐந்தடிக்கு ஏறிவிட்டது. தட்டினால் டொப் டொப்பென்று சத்தம். ஊசியால் ஒரு குமிழைக் குத்தினால் உள்ளிருந்து தண்ணீரும் வெள்ளைப் பொடியும் வந்தன. டிசம்பர் 8, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தாம்பாளம் அளவு சிமெண்ட் பாளமாகப் பிரிந்து பெஞ்சின் மேல் விழுந்தது. அரைமணி நேரம் முன்னால் அந்த பெஞ்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நால்வர் இருந்தார்கள். அன்று இரவு நாங்கள் இருவரும் சரியாகத் தூங்கவில்லை.

கிறிஸ்துமஸ் வேலை அப்போது தலைக்கு மேல் இருந்தது. பத்து இரவு கீத பவனி, பிள்ளைகளின் நாடகம், வீட்டு ஜெபங்கள். ஆபத்தான இடங்களில் தொங்கிய பாளங்களை நாங்களே தட்டி விழவைத்துவிட்டு, மூன்று சுவருக்கும் வெள்ளை வேட்டித் துணியைத் தொங்கவிட்டுப் பண்டிகையை நடத்தினோம்.

பொங்கல் கழிந்ததும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேட ஆரம்பித்தோம். மூன்று பேர் “சிமெண்ட்னா வர்றேன்” என்றார்கள். கடைசியில் கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கிற கொத்தனார், எழுபதை நெருங்குகிறவர். வந்து சுவரைப் பார்த்தார், சிமெண்டைக் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டினார். “சுண்ணாம்புச் சுவருக்கு சிமிண்டுச் சட்டை போட்டா, உள்ளுக்குள்ள வேர்த்து நாறத்தான் செய்யும் தாயி. ஈரம் வெளிய வர வழியில்லாம மேல ஏறுது. ஏறுற தண்ணி உப்பையும் தூக்கிக்கிட்டு வருது.” அப்புறம் எங்களுக்குத் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தார். வெளியே போய் வடக்குப் பக்கத் தரையைப் பார்த்தார். சாலை போடப் போட மண் உயர்ந்து, வெளித்தரை எங்கள் உள்தரையைவிட ஒன்பது அங்குலம் மேலே இருந்தது. மழைத்தண்ணீர் முழுவதும் சுவரைத்தான் ஊறவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏழு மாதமாக அந்த வழியாகத்தான் தினமும் நடந்தோம், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

வேலை தொடங்கியது ஜனவரி கடைசி வாரம். முதலில் உரிப்பு. சபை வாலிபர்கள் ஆறு பேர், மூன்று நாள், உளியும் சுத்தியலும். சிமெண்ட் விடாமல் பிடித்திருந்த இடங்களில் பழைய செங்கலின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது, அதைப் பார்க்க வயிறு எரிந்தது. செங்கல் இடுக்கில் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சாந்தைக் கீறி எடுத்து, தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் உப்பைப் பெருக்கினோம். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பிப்ரவரி முழுவதும் சுவரை அப்படியே திறந்துபோட்டோம். வாரம் ஒரு முறை உப்புப் பொடியைப் பெருக்கி எடுத்ததில் ஒரு அரைப்படி சேர்ந்தது. அதே நாட்களில் வடக்குச் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, உள்தரைக்கு அரை அடி கீழேவரை இறக்கி, ஜல்லி போட்டு, தண்ணீர் கிழக்கே ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் மம்பட்டி பிடித்து உள்ளங்கை முழுவதும் கொப்புளம், புதன்கிழமைக் கூட்டத்தில் வேதாகமத்தை விரல் நுனியால்தான் பிடித்திருந்தார்.

பிப்ரவரி 3-ஆம் தேதி சுண்ணாம்பு நீற்றினோம், அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டுக் கரையவிட்டோம். சுட்ட கல் சுண்ணாம்பு 200 கிலோ, கிலோ 15 ரூபாய் என்று 3,000. குழி நாலுக்கு நாலு, ஆழம் இரண்டரை அடி, அடியிலும் பக்கத்திலும் பழைய செங்கல். இங்கே ஒரு எச்சரிக்கை. குழி தயாராகுமுன் சோதித்துப் பார்ப்போம் என்று ஐந்து கிலோ கல்லை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு நான் மேலே தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் சோறு பொங்குவது மாதிரி கொதித்துத் தெறித்தது, வாளியின் பக்கம் இளகி வளைந்தது. முழங்கையில் இரண்டு துளி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. முதலில் தண்ணீர், பிறகு அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு, அதுதான் முறை. கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளை விடவே விடாதீர்கள். கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தோம். ஐந்து வாரம் ஊறியது. மார்ச் 10-ஆம் தேதி திறந்தபோது கெட்டித் தயிர் மாதிரி இருந்தது, கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பெரியவர் ஒரு துளியை விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

கடுக்காய்த் தண்ணீருக்குப் பத்து நாள் முன்பே ஏற்பாடு. கடுக்காய் 10 கிலோவைக் கொட்டை நீக்கி ஒன்றிரண்டாக இடித்து, வெல்லம் 10 கிலோவோடு 250 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டோம். நான்காம் நாள் நுரைத்துப் புளித்த வாடை வந்தது. அது வரத்தான் வேண்டுமாம். பச்சைத் தண்ணீருக்குப் பதில் இதை வடிகட்டித்தான் சாந்து குழைக்க வேண்டும்.

கலவையைத் தெளிவாகவே எழுதிவைக்கிறேன், தேவைப்படுகிறவர்கள் இருப்பீர்கள். தரையிலிருந்து மூன்றடிவரை சுண்ணாம்பு 1, செங்கல் பொடி 1, மணல் 2. உடைந்த ஓட்டையும் செங்கலையும் வாலிபர்களே உலக்கையால் இடித்துச் சலித்து நான்கு சாக்குப் பொடி தந்தார்கள். ஈரமுள்ள இடத்தில் இந்தப் பொடி இருந்தால்தான் சாந்து இறுகும். மூன்றடிக்கு மேல் சுண்ணாம்பு 1, மணல் 2, பொடி இல்லை. ஆற்று மணல் விலை கட்டுப்படியாகாது, எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நன்றாகச் சலித்து, மாவு போக அலசிக் காயவைத்துப் பயன்படுத்தினோம். சாந்தை முந்தின நாளே குழைத்து, ஈரச் சாக்கால் மூடி, மறுநாள் காலை மறுபடி மிதித்துப் பிசைந்து எடுத்தோம். சோம்பல்பட்டு அன்றன்றே குழைத்த ஒரு நாள் சாந்து கரண்டியில் சரியாக ஒட்டவில்லை.

பூச வேண்டிய பரப்பு சன்னல், கதவு போக 390 சதுர அடி. முதல் கை அரை அங்குலம், இரண்டாம் கை கால் அங்குலம். நடுவில் மூன்று நாள் இடைவெளி. பெரியவருக்கு ஒரு சித்தாள், அது போக நாங்கள் இருவர். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு நிறுத்திவிடுவோம். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) என்பதால் புதன் தோறும் ஆறு மணிக்கு ஆராதனை, அன்று நான்கு மணிக்கே சாரத்தைப் பிரித்து, தரையைக் கழுவி, பாயை விரித்துவிட வேண்டும். ஒரு புதன் அது முடியாமல் போனது. சாரக் கம்புகளுக்கு நடுவிலேயே சபையார் உட்கார்ந்து பாடினார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு நடுவில் கேட்ட அந்தப் பாட்டை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாவது தவறு தெற்குச் சுவரில். வெயில் ஏறிய ஒரு மதியம் பூசினோம், முந்தின மாலை சுவரை நனைக்க மறந்துவிட்டோம். போதாக்குறைக்கு மேற்கு சன்னலும் திறந்து கிடந்தது. மறுநாள் காலையில் 40 சதுர அடியில் தலைமுடி கனத்துக்கு வெடிப்பு, சிலந்தி வலை மாதிரி. பெரியவர் கோபப்படவில்லை, ஆனால் பாதிக்கு மேல் பெயர்த்துவிட்டுத் திரும்பப் பூசினார். அன்றிலிருந்து முந்தின மாலையே இரண்டு முறை சுவரை நனைத்தோம், சன்னலுக்கெல்லாம் நனைந்த சாக்குத் தொங்கியது, பூசிய மறுநாளும் அதற்கு மறுநாளும் மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மரக்கட்டை) தட்டித் தட்டி அமுக்கினோம். சிமெண்டை அன்றைக்கே தேய்த்து முடித்துவிடலாம், பிறகு தண்ணீர் விட்டுவந்தால் போதும். சுண்ணாம்பு அப்படியில்லை, மூன்று நாள் பின்னாலேயே நடக்கவைக்கும்.

பீடத்துக்குப் பின்னால் ஆறடிக்கு நான்கடி மட்டும் ஆச்சி வீட்டுச் சுவர் மாதிரி செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியவரிடம் கேட்டேன். முட்டை வெள்ளைக்கரு வேண்டும், செய்து தருகிறேன், ஆனால் இப்போது முடியாது என்றார். அவர் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள், விரத நாளில் முட்டையைத் தொடமாட்டார். நடுவில் ஒரு நாள் விடுப்பும் எடுத்துக்கொண்டார். மார்ச் 22-ஆம் தேதி மற்ற சுவரெல்லாம் முடிந்தது, காப்பு அவிழ்த்த பிறகு 27, 28 இரண்டு நாள் இதற்காகவே வந்தார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு 20 கிலோவைத் தனியாக நீற்றி, மெல்லிய துணியில் வடித்து, கிரைண்டரில் அரைத்தோம். இதற்கென்றே காரைக்குடியில் ஒரு பழைய டில்டிங் கிரைண்டரை 3,000 ரூபாய்க்கு வாங்கினோம், இனி அதில் மாவு அரைக்க முடியாது. வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் 90 முட்டையின் வெள்ளைக்கரு. நகக்கண் கனத்துக்கு மூன்று முறை இழுத்தார். கடைசிக் கை அரை ஈரமாக இருக்கும்போது, அவர் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். என் கையிலும் ஒன்று கொடுத்தார். மேலிருந்து கீழாக, அழுத்தாமல், நிறுத்தாமல். ஒரு மணி நேரத்தில் சுவர் வேர்க்கத் தொடங்கியது, சிறுசிறு முத்தாகத் தண்ணீர். அதை மல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பு. அன்று ஐந்து மணி நேரம், மறுநாள் மூன்று மணி நேரம். மாலையில் சன்னல் வெளிச்சம் அதில் விழுந்து ஆடியதைப் பார்க்க ஆச்சி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். கையால் தடவிப் பார்த்து, “எங்க மாமியா காலத்துக் கை இது” என்றார்.

மஞ்சள் கருவை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை. லெந்து நாட்கள் என்பதால் சபையில் பலர் முட்டை சாப்பிடுவதில்லை. சாலையோரப் பரோட்டாக் கடைக்காரர் மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று 40 பரோட்டா கொடுத்தனுப்பினார்.

தரையில் உடைந்திருந்த ஆத்தங்குடிக் கல் 16. ஆத்தங்குடிக்கே போய்ப் பழைய பூவேலைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற கல்லாகப் பொறுக்கி வந்தோம், ஒன்று 50 ரூபாய். அங்கே கண்ணாடியின் மேல் தகர அச்சை வைத்துக் கலரை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. சூளையில் வைப்பதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். பதித்ததும் புதுவயல் ஆலையிலிருந்து கொண்டுவந்த உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்தோம். சன்னலுக்கு இரண்டு பித்தளைக் கொண்டி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் கிடைத்தது, அது ஆச்சியின் காணிக்கை.

செலவுக் கணக்கு என் நோட்டிலிருந்து. கல் சுண்ணாம்பு 3,000, கிளிஞ்சல் 600, மணல் 3,000, கடுக்காய் 1,200, வெல்லம் 600, முட்டை 540, கிரைண்டர் 3,000. கொத்தனார் 13 நாள், 1,200 வீதம் 15,600. சித்தாள் 11 நாள், 700 வீதம் 7,700. தரைக்கல் 800, ஆட்டோ 500. கூட்டினால் 36,540. செப்டம்பரில் வீணாக்கிய 21,400-ஐயும் சேர்த்தால் 57,940. இதில் 15,000 சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு சபைப் பிள்ளை அனுப்பியது, மற்றது காணிக்கையும் எங்கள் சேமிப்பும். அந்த 21,400 ஏழைகள் கொடுத்த பணம் என்பது இன்னும் மனதை அறுக்கிறது. சபைக் கூட்டத்தில் அதை நாங்களே எழுந்து சொன்னோம்.

ஏப்ரலில் நீர்த்த சுண்ணாம்பு மூன்று கை அடித்தோம், பெயிண்ட் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்குள் சுவர் நன்றாக வெளுத்துவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் சுவரோரப் பெஞ்சும் நிரம்பியது. ஏப்ரல் 20 ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்குப் பெரியவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பீடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு.

திரும்பச் செய்வதாக இருந்தால், சுவரில் கை வைக்குமுன் வெளித்தரையைத்தான் முதலில் வெட்டுவேன், ஒரு மழைக்காலம் முழுவதும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூச்சைப் பற்றி யோசிப்பேன். சுண்ணாம்பை ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று மாதம் ஊறவைப்பேன். வெயில் கடுமையாகும் மார்ச்சில் பூசாமல் ஜனவரியிலேயே முடிப்பேன். தெற்குப் பக்கத்துக்கும் ஜல்லி வாய்க்கால் வேண்டும், வடக்கோடு நிறுத்தியது பணத் தட்டுப்பாட்டால்தான். இந்த மே விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் வாலிபர்கள் அதை வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழியில் இன்னும் இரண்டு அண்டா அளவு சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் பத்திரமாக இருக்கிறது. ஆச்சி வீட்டு முகப்பில் ஒரு மூலை உதிர்ந்திருக்கிறது, பெரியவர் அடுத்த வாரம் அதற்கு வருகிறார், கூழாங்கல்லைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.